அமைதியைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு

பெறுநர்: தலைவர், முகாமைத்துவக் குழு,
உட்துறைமுகத்தைப் பார்த்தபடி புதிதாக எழும்பியிருக்கும் தொடர்மாடி, திருகோணமலை.

ஐயா,

"அமைதியான இல்லம், அளவான பொருள்" என்ற தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. எங்கள் வெள்ளைக் கதவில் நான்கு மூலைக்கும் மண்ணிற டேப் போட்டு ஒட்டியிருந்தீர்கள். கதவில் எதையும் ஒட்டக் கூடாது என்பது அதன் இரண்டாவது விதி. ஆகவே வாசித்து முடித்ததும் மரியாதையோடு கழற்றினேன். பெயின்ற்றும் கூடவே வந்துவிட்டது.

சுவர் வெள்ளை, இல்லையென்றால் சாம்பல். பல்கனியில் துணி கூடாது. வாசலில் கோலம், மாவிலை, செருப்பு எதுவும் கூடாது. வீட்டுக்குள்ளும் "பயன்பாடற்ற அலங்காரப் பொருட்களை" அகற்றினால் மனம் இலேசாகும் என்று ஓர் அன்பான ஆலோசனை. மாதிரிக்கு ஒரு படமும் இணைத்திருந்தீர்கள்: பெரிய அறை, அதில் ஒரு கதிரை, ஒரு சாடி, சாடியில் ஒரு காய்ந்த குச்சி. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவங்க தும்புத்தடிய எங்க வைக்கிறவங்க?"

என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருந்தால் எழுதி அறிவியுங்கள். திருவலை, சுளகு, இடியப்ப உரல் ஆகியவற்றின் இருப்பிடத்தையும் சேர்த்தே அறிவித்தால் நல்லது.

தங்கள் ஆலோசகர் இதை "ஜப்பானிய முறை" என்று எழுதியிருக்கிறார். மேரி கொண்டோ என்ற அம்மையார், மகிழ்ச்சி தராத பொருளுக்கு நன்றி சொல்லி விடைகொடுக்கச் சொல்கிறாராம். நல்ல பண்பு. ஆனால் ஜப்பானியர் பொருள் குறைக்க இந்த ஊருக்கு வருவது இது முதல் தடவையல்ல. 1942 ஏப்ரல் 9 காலையில் விமானங்களில் வந்து சீனக்குடாவில் ஓர் எண்ணெய்த் தாங்கியைக் குறைத்துவிட்டுப் போனார்கள். நன்றி சொன்னதாகப் பதிவில்லை. எஞ்சிய 99 தாங்கிகளில் பெரும்பாலானவை பல பதிற்றாண்டுகள் காட்டுக்குள் காலியாகவே நின்றன. வட்டமான, உயரமான, உள்ளே ஒரு கதிரைகூட இல்லாத அறைகள். தங்கள் படத்துக்காரர் அங்கே போயிருந்தால் அந்தக் காய்ந்த குச்சியையும் எடுத்துவிட்டிருப்பார்.

அதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. 1622 இல் கொன்ஸ்தந்தீனு த சா என்ற போர்த்துக்கேயத் தளபதி சுவாமிமலையை "ஒழுங்குபடுத்தினார்". கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார். பழையதை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவது பற்றித் தங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரு பந்தி இருக்கிறது. அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஊரில் இல்லை. பொருட்களைக் கண்ணில் படாமல் வைக்கும் இடவசதி பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதிலும் எங்கள் ஆட்கள் தேறியவர்கள்: விக்கிரகங்களை மண்ணுக்குள் வைத்தார்கள். 1950 இல் கிணறு தோண்டப்போய்த்தான் அவை வெளியே வந்தன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பார்த்தபோது தூண்களும் செதுக்கிய கற்களும் அடியில் கிடந்தன. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வைக்கச் சொல்லும் தங்கள் ஆலோசகருக்கு இத்தனை நீண்டகாலத் திட்டம் இருக்காது.

"மங்கலான ஒளி மனதைச் சாந்தப்படுத்தும்" என்கிறீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டில் சாந்தமாக இருந்தது. மெழுகுதிரிக்கும் தட்டுப்பாடு வந்தபோது சாந்தம் இன்னும் கூடியது.

ஒரேயொரு பொருளோடு வாழ்வது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை இந்த மாவட்டத்தில் யாரும் புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை. வாசல் பக்கத்து ஆணியில் ஒரு சொப்பிங் பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. கலவரம், போர், கடல்கோள் என்று 1983, 1990, 2004, 2006 இல் ஓடிய வீடுகளில் அந்தப் பை மட்டும் தப்பியது. சம்பூர்க்காரர் அதைத் தூக்கிக்கொண்டு 2006 இல் போனவர்கள், ஊருக்குத் திரும்பத் தொடங்கியது 2015 இல். எங்கள் வீட்டிலும் பை தொங்குகிறது. வெள்ளைச் சுவரில் சிவப்புப் பை. பார்வைக்கு உறுத்தும்தான். மாமியிடம் சொல்லிப் பார்க்கிறேன். தாங்களே வந்து சொன்னால் இன்னும் நல்லது, நான் குசினிக்குள் நின்றுகொள்கிறேன்.

ஐயா, என்னை அடைசல் விரும்பி என்று எண்ணிவிட வேண்டாம். எனக்கும் குறைவுதான் பிடிக்கும். என் அம்மம்மா வீட்டில் கட்டிலே இல்லை. விடிந்ததும் பன்பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். படுத்த அறை சாப்பாட்டு அறையாகிவிடும். சீமெந்துத் தரை, நீள விறாந்தை, மண்பானைத் தண்ணீர். கச்சான் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும்படி வாசலுக்கு நேரே பின்கதவு. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, கட்டணமும் வாங்கவில்லை.

இங்கேயோ காற்று உள்ளே வர ஒரு யன்னல் வைத்திருக்கிறீர்கள், வெளியே போக வழி வைக்கவில்லை. ஆடி மாதத்தில் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், ரொட்டி சுடலாம். வெள்ளை பூசினால் வெப்பம் குறையும் என்பது வெளிச்சுவருக்குப் பொருந்தும். உள்ளே பூசிய வெள்ளை உப்புக்காற்றில் என்ன ஆகும் என்பதைக் கடற்கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். யன்னல் பிணைச்சலில் இருந்து துரு ஒரு கோடாக இறங்கி இப்போது மின்சார ஆளி வரைக்கும் வந்துவிட்டது. நாங்கள் மாட்டாத ஒரே சுவரோவியம் அதுதான். அகற்றும்படி உத்தரவு உண்டா?

வெள்ளைச் சுவருக்கு ஜெஃப்ரி பாவாவைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். பெரிய மனிதர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொழும்பு 33 ஆம் ஒழுங்கையில் அவர் தனக்கு அமைத்துக்கொண்ட வீட்டைப் பாருங்கள். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே செட்டிநாட்டு மரத்தூண்கள் நிற்கின்றன, பழைய கதவுகள், சிலைகள், வெயில் விழும் சின்னச் சின்ன முற்றங்கள். தனக்குப் பிடித்ததை வைக்கத்தான் அவர் மற்ற இடத்தை வெறுமையாக விட்டார். தாங்கள் முதல் பாதியை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

அப்படி எங்களுக்குப் பிடித்தது ஒரு ஷோகேஸ். ஆம், கண்ணாடிக் கதவு போட்ட, தேக்கு மாதிரித் தெரியும் பலகையில் செய்த, மண்டபத்தில் பாதி இடத்தைப் பிடிக்கும் அதே ஷோகேஸ்தான். மேல்தட்டில் ஒருநாளும் தேநீர் ஊற்றாத தேநீர்க் கோப்பைகள். நடுத்தட்டில் தொரொன்ரோவில் இருந்து வந்த, குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை. மகள் வலைப்பந்தில் வென்ற கிண்ணம். கோணேசர் கோயில் குங்குமச் சிமிழ். கீழ்த்தட்டில் மாமியின் கலியாணப் படம். கடல் வந்த அன்று நனைந்தது. மாப்பிள்ளையின் வேட்டி வரை தெரியும், அதற்குக் கீழே மஞ்சள் கறை. மாமனாருக்குக் கால் இல்லாத படம் என்று பேரன்மார் சிரிப்பார்கள், மாமியும் சேர்ந்து சிரிப்பார். தங்கள் வகைப்படுத்தலில் இவை அனைத்தும் "பயன்பாடற்றவை". ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காய்ந்த குச்சியின் பயன்பாடு என்னவென்று மட்டும் விளங்கவில்லை.

வாசல் விடயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் மாவிலை தொங்குகிறது. எதிர்வீட்டு நானாவின் கதவுக்கு மேல் பொன்னெழுத்தில் ஓதல் வசனம் இருக்கிறது. மூலைவீட்டு நோனா புத்தர் தட்டுக்கு நீல மின்குமிழ் போட்டிருக்கிறார், அது இரவெல்லாம் மினுங்கும். கீழ்மாடியில் மாதா. லிஃப்ட் நின்றுபோய் இருட்டில் படியேறும்போது எந்த மாடியில் நிற்கிறோம் என்பது இவற்றை வைத்துத்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் நானா என் வீட்டுக் கதவைத் தட்டுவார், நான் நோனா வீட்டுக்குள் போவேன். ஒருவேளை அதுதான் தங்கள் நல்லிணக்கத் திட்டமோ?

செடிச்சாடிகளுக்குத் தடை வேண்டியதே இல்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் தங்கள் படலையைத் தாண்டி வந்து அந்த வேலையைக் கட்டணமில்லாமல் செய்துவிட்டன. துளசி முழுக்கப் போய்விட்டது. செவ்வரத்தையில் தண்டு மட்டும் நிற்கிறது, படத்தில் உள்ளது போலவே.

சட்டம் பேசுவது எனக்கு வழக்கமில்லை. ஆனாலும் தொடர்மாடி உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தைத் தாங்களே மேற்கோள் காட்டியிருப்பதால் சொல்கிறேன். படிக்கட்டு, கூரை, லிஃப்ட், தண்ணீர்க்குழாய் போன்ற பொதுவானவை தங்கள் பொறுப்பு. என் அலுமாரி அந்தப் பட்டியலில் இல்லை. நீர்ப்பம்பி இருக்கிறது. நான்கு பக்கச் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பம்பி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பொருட்குறைப்பில் தங்கள் குழு எங்களைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பம்பி ஓடாத வீட்டில் வாளியும் குடமும் பேசினும் பல்கனியில்தான் நிற்கும். அவை சாம்பல் நிறத்தில் கிடைப்பதில்லை; மத்திய வீதிக் கடைகளில் கேட்டுப் பார்த்தோம், நீலமும் சிவப்பும் பச்சையும்தான். பம்பி திருத்தப்பட்ட அன்றே அவற்றை உள்ளே எடுத்துவிடுவேன். துணிக்கயிற்றைப் பற்றி வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பேசுவோம். நானாவும் நோனாவும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். மாமியும் போட்டிருக்கிறார், சற்றுப் பெரிதாக.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர்

பி.கு.: கதவில் பெயர்ந்த பெயின்ற்றுக்கான செலவுச் சிட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். டேப் தங்களுடையது.