அப்பாவின் பட்டறை

கோயம்புத்தூர்க்காரர் வீட்டில் மோட்டார் சாவதில்லை, உத்தியோகம் மாறுகிறது. அப்பாவின் சாணைக்கல்லைச் சுற்றுவது பழைய கிரைண்டரின் அரை எச்.பி. மோட்டார். நிமிடத்துக்கு 1440 சுற்று. அன்று உளுந்து, இன்று உளி. (அம்மா கணக்கில் அந்தக் கிரைண்டர் இன்னும் ரிப்பேருக்குத்தான் போயிருக்கிறது.) டிரில்லிங் மெஷினின் தூண், மூடிய மில் ஒன்றின் ஏலத்தில் எடைக்கு எடுத்த ஷாஃப்ட். கைப்பிடி, சைக்கிள் பெடல். சுவிட்ச் வந்த வழியை மட்டும் அவர் சொல்வதில்லை. ஹால் ஃபேன் நின்ற நாளிலிருந்து எங்களுக்கொரு சந்தேகம். புதுசாகவே வாங்கிவிடலாமே என்றால், “எதுக்குங் கண்ணு தண்டச் செலவு?” என்பார். இந்தச் சிக்கனத்துக்காக வாங்கிய பெல்ட், புல்லி, பேரிங் பில்களையெல்லாம் அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.