விலை கூடிய இஸ்திரிப் பெட்டியும் திண்டுக்கல் வட்டாரச் சுருக்க நீக்கமும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

இஸ்திரிப் பெட்டியின் விலைக்கும் சட்டைச் சுருக்கத்துக்கும் உள்ள உறவு இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், பிரியாணிக்குப் பேர்போன ஊர், தான் உடுத்தும் சட்டையைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்காதது தமிழாய்வில் பெரும் இடைவெளி. இடைவெளி உண்டு என்று முதல் பத்தியில் நிறுவிவிட்டால் ஆய்வேடு பாதி முடிந்த மாதிரி என்பார்கள் நெறியாளர்கள். ஆக, பாதி முடிந்தது.

ஆய்வு எல்லை: மேற்கே பழனி சாலை, தெற்கே சின்னாளபட்டி, நடுவே நாகல் நகரும் பேகம்பூரும். மலைக்கோட்டை உச்சி விலக்கப்பட்டது. அங்கே பிளக் பாயிண்ட் இல்லை. கொடைக்கானலும் விலக்கப்பட்டது; ஸ்வெட்டர் போட்டால் சட்டையை யார் பார்க்கிறார்கள்? புறத்தேர்வாளர் திண்டுக்கல் என்றதும் உடனே சம்மதித்தார். காரணம் மதியச் சாப்பாடு என்பது வதந்தி. பன்னிரண்டரைக்குள் வாய்மொழித் தேர்வை முடிக்கச் சொன்னது மட்டும் உண்மை.

தொன்மை: குறுந்தொகை 330ஆம் பாட்டில் சலவைக்காரப் பெண் துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்து எடுக்கிறாள். கஞ்சி இருந்ததால் தேய்ப்பு இருந்தது. தேய்ப்பு இருந்ததால் பெட்டி இருந்தது. பெட்டி இருந்ததால் அதை விலை கூடக் கொடுத்து வாங்கிவந்து வீட்டில் திட்டு வாங்கிய தலைவனும் இருந்தான். இதே ஏணியில் ஏறி ஆகாய விமானம் வரை போன அறிஞர்கள் நம்மிடையே உண்டு. நாம் இஸ்திரியோடு நின்றுகொள்வது அடக்கம் கருதியே. மின் இஸ்திரிக்கு 1882இல் நியூயார்க்கின் ஹென்றி சீலி காப்புரிமை பெற்றார் என்பது எதிர்த்தரப்பு வாதம், அடிக்குறிப்பில் போடலாம்.

பெட்டிகள் மூவகைப்படும்: கரிப்பெட்டி, சாதாப் பெட்டி, நீராவிப் பெட்டி. கரிப்பெட்டி கடைசியில் வரும்.

இனி வெப்பவியல். பெட்டியின் திருகில் ஒரு புள்ளி, இரு புள்ளி, முப்புள்ளி என்று குறி இருக்கும். ஏறத்தாழ 110, 150, 200 டிகிரி. நைலான் மாதிரித் துணிக்கு ஒன்று, பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் இரண்டு, பருத்திக்கு மூன்று. அறுநூறு ரூபாய்ப் பெட்டியிலும் மூன்று புள்ளிதான், ஆறாயிரத்திலும் மூன்றுதான். நான்காம் புள்ளியை யாரும் விற்கக் காணோம். சாதாப் பெட்டிக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. சூட்டில் ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். பட்டை வளைந்து இணைப்பை விடும், 'டிக்' என்று விளக்கு அணையும்.

ஆனால் நம் வீடுகளில் திருகை யார் பார்க்கிறார்கள்? விரலைத் தண்ணீரில் தொட்டு அடித்தட்டில் ஒரு சொட்டுத் தெறிப்பதே முறை. இதில் மூன்று பள்ளிகள் உண்டு. 'ச்சு' என்றால் போதும் என்போர் மென்சூட்டுவாதிகள் (மேல்மாடி அத்தை, வாய்மொழி). 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்க வேண்டும் என்போர் இடைநிலைவாதிகள் (மேற்படி அத்தை, மாடிப்படி உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பில் சுருக்கம் போகவில்லை). சத்தமே வரக்கூடாது, சொட்டு உருண்டு ஓட வேண்டும் என்போர் உருள்வாதிகள் (எதிர்வீட்டுச் சித்தப்பா, 'அத்தைக்கு மறுப்பு', கேட்டைத் திறக்காமலே நிகழ்த்திய சொற்பொழிவு, இதற்கு அத்தை கொடியில் துணி காயப்போட்டபடி விடுத்த மறுப்புக்கு மறுப்பு, பக்க எண் இல்லை, பாதி காற்றில் போயிற்று, இரண்டையும் தொகுத்துப் பால்காரர் வெளியிட்ட சுருக்கப் பதிப்பு, தெருக்கோடி வரை விநியோகம்).

வேடிக்கை என்னவென்றால், சித்தப்பா சொல்வதில் அறிவியல் இருக்கிறது. உலோகம் 200 டிகிரியை ஒட்டி ஏறியதும் சொட்டின் அடிப்பகுதி சட்டென்று ஆவியாகி மெத்தை போல ஏந்திக்கொள்கிறது. சொட்டு தட்டைத் தொடாமல் மிதந்து ஓடுகிறது. ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756இல் இதை லத்தீனில் எழுதினார், அவர் பெயரே நிலைத்தது. தோசைக்கல்லில் தினமும் இதைப் பார்த்த நம் பாட்டிமார் லத்தீனில் எழுதாததுதான் குற்றம். எப்படியோ, சொட்டு உருண்டால் பருத்திக்குச் சரியான சூடு. செலவு: ஒரு சொட்டு.

நீராவிக்கு வருவோம். பருத்தி இழைகளுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் தளர்ந்து, காயும்போது துணி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்கின்றன. சுருக்கமும் இப்படித்தான் விழுகிறது, தேய்ப்பும் இப்படித்தான் எடுக்கிறது. ஆக ஈரம் வேண்டும். அந்த ஈரத்தைப் பெட்டியின் வயிற்றிலிருந்து பெறச் சில ஆயிரம். உள்ளங்கையில் அள்ளித் தெளித்துச் சட்டையைச் சுருட்டிக் கொஞ்ச நேரம் வைக்கச் சல்லிக்காசு வேண்டாம். அதோடு வயிற்றுக்குள் ஊற்றுவது எந்தத் தண்ணீர்? போர்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து துளை அடைக்கும். ஒரு நாள் கறுப்பு பேண்ட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகத் துப்பும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரை ஊற்றலாமே என்றால், குடத்தோடு நின்று பிடித்த தண்ணீரைப் பெட்டிக்குக் கொடுப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இலக்கியத்தில் விடை இல்லை.

மின்னியல் தனி அத்தியாயம். ஆயிரம் வாட் பெட்டி 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள் இழுக்கும்; படுக்கையறையின் 6 ஆம்பியர் பிளக்கே போதும். விலை கூடக்கூட வாட்டும் கூடி 2,400 வரை போகும். அது பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெரிய பின்னுக்கேற்ற பவர் பாயிண்ட் வீட்டில் பிரிட்ஜ் பக்கமும் பாத்ரூம் ஹீட்டர் பக்கமும்தான். ஆறாயிரம் கொடுத்தவர் தாளிப்புப் புகையில் நின்று தேய்ப்பதைக் களஆய்வில் கண்டோம். சட்டை மடிப்பு கத்தி மாதிரி. வாசனை மட்டும் சாம்பார்.

அப்படியானால் எதற்குத்தான் காசு கொடுப்பது? ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு. மின் இஸ்திரிக்கென்றே ஐ.எஸ். 366 என்று தரநிலை இருக்கிறது. மலிவுப் பெட்டியும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். அடுத்து, வயரின் கழுத்துக்கு. இழுத்து இழுத்து முதலில் அறுவது அந்த இடம்தான். சுழலும் கழுத்தும் நூல் சுற்றிய வயரும் இருந்தால் இருநூறு முந்நூறு கூடக் கொடுக்கலாம். அடித்தட்டில் கஞ்சி கருகாத பூச்சு இருந்தால், தினம் வேட்டி கட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் தரலாம். அதற்கு மேல் தருவது பெட்டியின் நிறத்துக்கு.

கரிப்பெட்டி கடைசியில் வரும் என்றோம். துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மின்தடை என்று அறிவிப்பு வரும் நாளில் எல்லா விலைப் பெட்டியும் ஒரே எடை, ஒரே சூடு. அன்று தெருமுனை வண்டியில் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருக்கும். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் இந்த வண்டிக்கே சூரிய ஒளித் தகடு வைத்து வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் போய்ப் பேசினார். அவர் எதையோ செய்து காட்டிவிட்டதால் அது நம் ஆய்வு முறையியலுக்குள் வராது.

கடந்த மின்தடையன்று அந்த வண்டியருகே களஆய்வு நடந்தது. ஆறாயிரம் ரூபாய்ப் பெட்டிக்காரர் நாலு சட்டையோடு நின்றார்.

"என்னண்ணே, புதுப் பெட்டி வாங்குனதாச் சொன்னாங்க?" என்றார் தேய்ப்பவர், கரியை விசிறிக்கொண்டே.

"கரண்ட்டு இல்லப்பா. கல்யாண வீடு, பதினோரு மணிக்குப் போகணும்."

"வெச்சுட்டுப் போங்க. முன்னாடி ஒரு பேராசிரியரு சட்டை இருக்கு, அவருக்கு ஏதோ தேர்வாம். பன்னண்டரைக்குள்ள பிரியாணிக்குப் போகணும்னு நிக்குறாரு."