கோவலன் கேஸ்: பத்தாம் வகுப்புக்கு மட்டும்

அடிப்படை உரிமைகள் இந்தியாவின் மாக்னா கார்ட்டா. குடிமையியல் பாடத்தில் வருகிற இந்த வரியைப் பத்தாம் வகுப்புப் பையன்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். அப்படியென்றால் என்னடா என்று கேட்டால், "1215 சார்" என்பார்கள். அவ்வளவுதான் மாக்னா கார்ட்டா. அந்த 1215-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜான் மன்னனை மடக்கிப் பிடித்து முத்திரை குத்த வைத்தார்கள். மறுவருஷம் இங்கே மதுரையில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் பட்டத்துக்கு வந்தான். நம் ஆட்கள் அவனை மடக்கவெல்லாம் இல்லை, மெய்க்கீர்த்தி எழுதிக் கொடுத்தார்கள்.

கோச்சடையில் டியூஷன் எடுக்கிறவனுக்கு இங்கிலாந்து எதற்கு? வைகையைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் ஊருக்குள்ளேயே சிலப்பதிகாரத்துக் கேஸ் ஒன்று கிடக்கிறது. சட்டம் போடுகிறவர், அதை நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் என்று அரசாங்கத்துக்கு மூன்று கை. பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்திலும் மூன்றும் இருந்தன, மூன்றும் அவன் தோளிலேயே தொங்கின. அதிகாரத்தைப் பிரித்து வையுங்கள் என்று மாண்டெஸ்கியூ புத்தகம் போட்டது 1748-ல். பாண்டியனுக்குத் தபால் வந்து சேரவில்லை.

அன்று நடந்தது இது. அரசவையில் நாட்டியம். ராஜா ஆடுகிற பெண்களைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்துவிட்டார். கோப்பெருந்தேவி தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். அது எந்த வகைத் தலைவலி என்று கல்யாணமான யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சமாதானம் பேச ராஜா அந்தப்புரத்துக்கு ஓடுகிறார். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுகிறான்: "அரசியின் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான்." மாண்புமிகு நீதிபதி நின்று கேட்கிற நிலையிலா இருக்கிறார்? சிலம்பு அவன் கையில் இருந்தால் கொல்வதற்காக அவனைக் கொண்டு வாருங்கள் என்று சொல்ல வந்தவர், கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று வாய் தவறினார். சட்டம், விசாரணை, தண்டனை எல்லாம் அந்தப்புர வாசப்படியைத் தாண்டுவதற்குள் முடிந்தது.

காவலர்களைக் குறை சொல்லக் கூடாது. குடிசையில் இருந்த கோவலன் முகத்தைப் பார்த்து, "இவரைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே" என்று தயங்கினார்கள். உடனே பொற்கொல்லன் வகுப்பெடுத்தான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடனுக்கு எட்டுத் துணையாம். இந்தக் காலத்து ஸ்டேஷனில் ஒருத்தர் திருட்டுக் கலையை இத்தனை விவரமாகச் சொன்னால், ஏட்டையா முதலில் அவரைத்தான் உள்ளே உட்கார வைப்பார். அங்கே தயங்காத ஒரே ஆள் எழுத்தறிவில்லாத ஒரு குடிகாரன். வாளை வீசிவிட்டான்.

"சார், அப்பவே டாஸ்மாக் இருந்துச்சா?" இது கடைசி பெஞ்ச்.

அரசியல் சட்டத்தின் பிரிவு 22-ஐ இங்கேதான் திறக்க வேண்டும். கைதானவனிடம் காரணத்தைச் சொல்லணும், வக்கீல் வைத்துக்கொள்ள விடணும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும். கோவலனுக்கு அந்த 24 மணி நேரம் கிடைத்திருந்தால் போதும். சிலம்பை உடைத்தால் அரசியின் பரலா வேறு பரலா என்று தெரிந்துவிடும். அவன் மனைவி கண்ணகி வந்து செய்ததும் அதைத்தானே? வாய்தா இல்லை, ஸ்டாம்பு இல்லை. என் சிலம்பில் மாணிக்கம் என்றாள், எங்களுடையதில் முத்து என்றான் ராஜா, போட்டு உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. கேஸ் முடிந்தது. பாண்டியன் கோர்ட்டில் நீதி பிரமாதம், தண்டனைக்கு அப்புறம் வந்தது என்பது ஒன்றுதான் குறை. (அரண்மனையில் நீதி கேட்பது மதுரைக்காரனுக்குப் பழக்கம்தான். திருமலை நாயக்கர் மகாலிலேயே 1970 வாக்கு வரை ஜில்லா கோர்ட் நடந்தது.)

பாண்டியனுக்கு நல்ல வக்கீல் இருந்திருந்தால் தப்பித்திருப்பான். பிரிவு 21 என்ன சொல்கிறது? சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யார் உயிரையும் பறிக்கக் கூடாது. ராஜா வாக்குதான் சட்டம், ராஜா சொன்னபடி வெட்டியாகிவிட்டது, அப்புறம் என்ன? சிரிக்காதீர்கள். சென்னை மாகாணத்தில் சிறை வைக்கப்பட்ட ஏ.கே. கோபாலன் 1950-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, சட்டம் ஒரு நடைமுறையைச் சொன்னால் போதும், அது நியாயமா என்று துருவ மாட்டோம் என்கிற தினுசில்தான் தீர்ப்பு வந்தது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் சொன்னது 1978-ல். நடுவில் 28 வருஷம் நெடுஞ்செழியன் நிரபராதி.

ஆனால் அந்த மனுஷன் அப்பீல் போகவில்லை. கமிஷன் வைக்கவில்லை, ஏட்டையாவை சஸ்பெண்ட் செய்யவில்லை. திருடன் நான்தான் என்று சிம்மாசனத்திலேயே விழுந்து செத்தான். இதைச் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும். அவர்கள் பார்த்த எந்த அதிகாரியும் இப்படிச் செய்ததில்லை.

அடுத்து கண்ணகி வைத்த தீயில் மதுரை எரிகிறது. இங்கே கண்ணகியம்மா பக்கமும், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற பிரிவு 14 இடிக்கும். அந்தணர், அறவோர், பசு, பத்தினி, முதியோர், குழந்தை நீங்கலாகத் தீயவரைப் பிடி என்று தீக்குப் பட்டியல். அப்போது அரசுத் தரப்பு வக்கீலாக மதுராபதித் தெய்வம் வருகிறாள். இது முன்பிறவி வினையம்மா, கோவலன் போன ஜென்மத்தில் சங்கமன் என்ற வியாபாரியை ஒற்றன் என்று போட்டுக் கொடுத்துக் கொல்ல வைத்தவன் என்கிறாள். எந்த வக்கீலுக்கும் தோன்றாத பாயிண்ட். பாண்டியர் பழைய ரெக்கார்டையும் நீட்டுகிறாள்: வார்த்திகன் என்பவனைத் தப்பாகச் சிறையில் போட்டது தெரிந்ததும் ராஜாவே மன்னிப்புக் கேட்டு, திருத்தங்காலையும் வயலூரையும் எழுதிக் கொடுத்தாராம். விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் 14 வருஷம் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-ல் சுப்ரீம் கோர்ட் தரச் சொன்னது 35,000 ரூபாய். பாண்டியன் ரேட் பரவாயில்லை.

கண்ணகி மேற்கு வாசல் வழியாக வெளியேறி, வைகையின் ஒரு கரையைப் பிடித்து நடந்தாள். எந்தக் கரை என்று இளங்கோவடிகள் எழுதவில்லை. ஆகவே கோச்சடை வழியாகத்தான் போனாள் என்று நாங்கள் சொன்னால் மறுக்க ஆதாரம் கிடையாது.

மிச்சக் கணக்கைக் கொற்கையிலிருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் தீர்த்தான். ஒரு பொற்கொல்லன் செய்த தப்புக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான். மழை பெய்து நாடு செழித்ததாம். வாளோடு நின்ற அந்தக் குடிகாரனாவது ஒருத்தனைத்தான் வெட்டினான்.

"இதுல எந்தெந்தப் பிரிவுடா மீறப்பட்டிருக்கு?"

முதல் பெஞ்ச் 14, 20, 21, 22 என்று விரல் விட்டது. கடைசி பெஞ்ச் கை தூக்கியது.

"ரெண்டு மார்க்தானே சார்? ஏதாவது ரெண்டு எழுதுனாப் போதும்ல?"