சீசன் எப்படி மாப்ள?

தமிழ் இலக்கணம் வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தென்காசி மாவட்டத்தில் இந்த ஆறும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. இங்கே மிச்சமிருப்பது சீசன் ஒன்றுதான். அது நன்றாக இருந்தால் 'சூப்பர்'. இல்லாவிட்டால் 'டல்லு'.

முன்னால் பின்னால் எதையும் சேர்க்காமல் வெறுமனே சீசன் என்றால் அது குற்றாலம். ஜூன் மாதம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் விழ ஆரம்பிக்கும். ஆகஸ்ட் வரை ரோட்டில் நடப்பவர்களில் பாதிப் பேர் தோளில் துண்டோடுதான் திரிவார்கள்.

ஆனால் இந்த சீசனில் ஒரு சூது உண்டு. தண்ணீர் குறைந்தால் 'டல்லு' என்று கூட்டம் வராது. தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அதாவது, சீசன் சூப்பராக இருக்கிற அன்றைக்கு யாரும் குளிக்க முடியாது. தூரத்தில் நின்று அருவியைப் பார்த்து, நான்கு போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி தின்று, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பி வெந்நீரில் குளிக்கலாம். "சீசன் எப்படி?" என்று கேட்டால் அப்படித் திரும்பியவர்களும் சூப்பர் என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் புளியங்குடி குற்றாலத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இது தெரியாது. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் அருவி விழுகிறது என்று நினைத்துக்கொண்டு மே மாதக் கடைசியிலேயே போன் போடுவார்கள்.

"சீசன் எப்படி மாப்ள?"

"வரத்தே இல்ல மாமா. கிலோ நூத்தம்பதுல நிக்கி."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம், "குளிக்கதுக்கா?"

எங்கள் ஊரில் சீசன் என்றால் எலுமிச்சை. ஊருக்கே எலுமிச்சை நகரம் என்றுதான் பெயர். 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஏற்றுமதி ஆகிறது. ஆனால் எலுமிச்சை மாதிரி முரண்டு பிடிக்கிற மரம் வேறு இல்லை. மழையும் குளிருமாக இருந்து, உலகத்தில் ஒருத்தருக்கும் ஜூஸ் குடிக்கத் தோன்றாத நேரத்தில், கிளை முறிய முறியக் காய்க்கும். சித்திரை வெயிலில் ஊரே நாக்கு வறண்டு நிற்கும்போது மரம் வேலைநிறுத்தத்தில் இருக்கும். ஆகவே விவசாயி 'நல்ல சீசன்' என்று சொன்னால் காய் இருக்கிறது, விலை இல்லை என்று அர்த்தம். வியாபாரி 'நல்ல சீசன்' என்று சொன்னால் விலை இருக்கிறது, காய் இல்லை என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இதைச் சொல்வார்கள், சண்டையும் வராது.

சீசன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீனில் விதைப்பைக் குறித்த ஒரு சொல் என்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் விவசாயிக்குச் சொந்தமான சொல். லாட்ஜ்காரர் கையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை அறிஞர்கள் ஆராயலாம்.

ஆசாரியிடம் போனால் வேறு கதை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டு வாசல் கதவு நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. தட்டிப் பார்த்தவர் தீர்ப்புச் சொன்னார்: "கட்டை சீசன் ஆகல. அதான் சீசன்ல இறுகுது." இரண்டு சீசனும் ஒன்றுக்கொன்று எதிரி என்பது அப்போதுதான் புரிந்தது. மரத்தை ஈரம் போகக் காய வைப்பது முதல் சீசன். அதற்குள் மறுபடி ஈரத்தை ஏற்றிவிடுவது இரண்டாவது.

ரயிலில் சீசன் என்பது ஆள். தினமும் பாஸில் போய் வருகிறவர்களை 'சீசன்காரங்க' என்பார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் இவர்களுக்கு வருஷம் முழுக்க சீசன்தான்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன். கறுப்பும் நீலமுமாக வேட்டிகள், செங்கோட்டை வழியாக மலைக்குப் போகிற வேன்கள். போகிற வழியில் சாமிமார் குற்றாலத்தில் ஒரு முழுக்குப் போடுவதால் அருவிக்கரைக் கடைகளுக்கு வருஷத்தில் இரண்டாவது அறுவடை. அதே நேரத்தில் சென்னையில் மார்கழி சீசன். அங்கே அருவிக்குப் பதில் ஆலாபனை. ஆனால் இரண்டு இடத்திலும் கூட்டம் டிபனுக்குத்தான்.

இத்தனையையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. சீசனுக்கும் வானிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது காசு கூடுதலாகக் கேட்பதற்கு ஒரு மரியாதையான காரணம். ஜூலையில் குற்றாலத்தில் ரூம் வாடகை ஏன் இரட்டிப்பு என்று கேட்டால், "சீசன் சார்." ஜூலையில் மாம்பழம் ஏன் இந்த விலை என்று கேட்டால், "சீசன் இல்ல சார்." இருந்தாலும் விலை ஏறும், இல்லாவிட்டாலும் விலை ஏறும். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெட்டுகிற இப்படியொரு சொல் ஆறு பெரும்பொழுதில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அவை ஆறும் வழக்கொழிந்தன.

மதுரைப் பக்கமிருந்து ராஜபாளையம் வழியாகக் குற்றாலம் வருகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ எலுமிச்சை வாங்குங்கள். சீசனா என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். நேராக விலையைக் கேளுங்கள்.