துணைக்குழு போடாத பணிக்கர்

கலையின் எதிர்காலத்தைத் திட்டமிடும் கூட்டம் எதற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேர், பொன்னாடை போர்த்திக்கொள்ளப் பத்துப் பேர், நன்றியுரை கேட்க மைக்செட்காரர் ஒருவர். நடுவில் ‘சமூகம்’ என்ற சொல் சமோசாவைவிட வேகமாகப் பரிமாறப்படும். கடைசியில் ஒரு துணைக்குழு அமையும். அதன் வேலை, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பது. (அறிக்கைக்கு அட்டைப்படம் மட்டும் யாராவது ஓவியரிடம் இலவசமாகக் கேட்பார்கள்.)

கே.சி.எஸ். பணிக்கருக்கு இந்த நடைமுறை தெரியாது போலிருக்கிறது. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர். ஒரு அறிக்கை எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். அவரோ சக ஓவியர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்கள் செய்து விற்கக் கிளம்பினார். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கிவிட்டார்கள். கைவினை சோறு போட்டது; மிச்ச நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். பொன்னாடைக்கு நேரம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

ஓவியனுக்குப் பிழைக்கத் தெரியாது என்பது நம் குடும்பங்களில் பெண் பார்க்கும் படலம்வரை செல்லுபடியாகும் சித்தாந்தம். ஆனால் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்துவிட்டுத் திரும்பும் ஆடிட்டர்கள், அதே சாலையிலுள்ள சோழமண்டலத்தின் வாசலில் காரை நிறுத்திப் பெருமூச்சு விடுகிறார்கள். இந்த ஓவியர்களுக்கு முதலீட்டு ஆலோசனை சொன்னது யார் என்று கேட்காத குறைதான்.