எட்டும் தூரமும் தெரியும் தூரமும்

கேள்வி: கணினிப் போர் விளையாட்டில், நூறு கிலோமீட்டர் தாண்டிப் பாயும் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை இருந்தும் ஆட்டக்காரர் தோற்பது ஏன்?

பதில்: கை நீண்ட அளவுக்குக் கண் நீளாததால்தான். எதிரியின் ஆயுதம் எட்டாத தொலைவில் நின்றபடியே ஏவப்படும் இத்தகைய ஏவுகணைகளை, 2019-இல் வெளிவந்த 'கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்' என்ற விளையாட்டு, வரைபடத்தில் வெறும் தூர வட்டமாக வரைந்துவிடாமல், பூமியின் வளைவு கப்பல் ராடாரின் பார்வையைச் சில பத்துக் கிலோமீட்டரிலேயே மறைத்துவிடும் என்ற இயற்பியலோடு பிணைப்பதால், ஹெலிகாப்டரோ ரோந்து விமானமோ இலக்கைக் காட்டாதவரை நீண்ட வீச்சு பயன்படுவதில்லை. பொறுமையிழந்து, இலக்கின் இடம் தெரியாமல் திசையை மட்டும் குறித்து ஏவினால், ஏவுகணையின் முனையிலுள்ள தேடுகருவி, அதாவது இலக்கைத் தானே கண்டறியும் சிறு ராடார், வழியில் அகப்படும் நடுநிலை வணிகக் கப்பலையே பற்றிக்கொள்ளக்கூடும். ஆயுதத்தின் ஆற்றலோடு அதன் அறியாமையையும் கணக்கில் சேர்த்ததே இவ்வடிவமைப்பின் பெருஞ்சிறப்பு.