டைல்ஸ் கடையில் யூக்ளிட்

கே: ஆறாம் வகுப்பில் என் மகனின் உயிரை வாங்கும் இந்த மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.) நிஜத்தில் எங்காவது உதவுமா? (ஒரு அப்பா, தஞ்சாவூர்)

ப: வீடு கட்டும்போது உதவும். அறை 14 அடிக்கு 10 அடி என்றால் மீ.பெ.கா. 2. இரண்டடி டைல்ஸ் 35 வாங்கினால் ஒன்றைக்கூட வெட்டாமல் ஒட்டிவிடலாம். "ஒரு அடி தள்ளிக் கட்டுங்க மச்சான்" என்று யாராவது யோசனை சொல்லி 10 அடி 11 ஆகிவிட்டால், மீ.பெ.கா. 1. ஓரடி டைல்ஸ் 154! (கொத்தனார் சுவரை மூலைமட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு இது.)

கே: பெரிய எண் வந்தால் பகாக் காரணி பிரித்தே பொழுது விடிந்துவிடுகிறதே? (போட்டித் தேர்வாளர், மதுரை)

ப: யார் பிரிக்கச் சொன்னது? 1147, 1073 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஆகாது, 3 ஆகாது, 5, 7, 11... 1073 மசிவது 29-க்குத்தான். அதற்குள் மணி அடித்துவிடும். 1147-ஐ 1073-ஆல் வகுங்கள், மீதி 74. 1073-ஐ 74-ஆல் வகுத்தால் மீதி 37. 74-ஐ 37-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. விடை 37.

இரண்டு எண்களையும் மீதியின்றி வகுப்பது எதுவோ, அது அவற்றின் மீதியையும் வகுத்தே தீரும். அதனால் பெரிய எண்ணைக் கழற்றிவிட்டு மீதியைச் சேர்த்துக்கொண்டாலும் விடை மாறாது. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் நூலின் ஏழாம் பகுதியில் எழுதிவைத்த சூட்சுமம் இது. சின்ன எண்ணில் எத்தனை இலக்கமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுக்கவேண்டி வராது என்று 1844-ல் பிரெஞ்சுக்காரர் லாமே நிறுவினார். நூறு இலக்க எண்ணா? அதிகபட்சம் 500 வகுத்தல். கணினிக்கு இமைப்பொழுது, உங்களுக்கு ஒரு கோடை விடுமுறை.

கே: மீ.பெ.கா. 1 என்று வந்தால் போட்ட கணக்கு வீண்தானே? (வாசகி, ஓசூர்)

ப: கியர் செய்பவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். 10 பல் சக்கரத்தை 40 பல் சக்கரத்தோடு கோத்தால், சின்னதன் ஒரு பல் எப்போதும் பெரியதன் அதே நான்கு பற்களோடுதான் மோதும். அந்த ஒன்று பழுதானால் நான்கும் வீணாகும். 10-ஐ 11 ஆக்கிப் பாருங்கள். மீ.பெ.கா. 1 ஆகிவிடும், ஒவ்வொரு பல்லும் எதிரே இருக்கும் 40 பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானத்திலும் சமபந்தி!

கே: 0-க்கும் 12-க்கும் மீ.பெ.கா. என்ன? (குறும்பர், கோவை)

ப: 12. எதனால் வகுத்தாலும் 0 மீதி வைக்காது.

கே: அப்படியானால் 0-க்கும் 0-க்கும்? (அதே குறும்பர்)

ப: எல்லா எண்ணும் வகுக்கும். அதில் பெரியது எது என்று தேடினால் அடுத்த இதழ் வராது என்று கணித அறிஞர்களே 0 என்று பேசி முடித்துவிட்டார்கள்.